ஓ.டி.பி. யார் போனுக்கு வருது?

"ஆயா, கையை நல்லா தொடைச்சுட்டு இன்னொரு தபா வைங்க."

ஆயா முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், வலது கை, இடது கை என்று பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. நாற்பது வருஷம் மீன் கூடை தூக்கி, கருவாடு காயவைத்து, உப்புத் தண்ணீரில் ஊறிய கை. ரேகை என்று சொல்ல அதில் என்ன மிச்சம் இருக்கும்? பக்கத்தில் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

"சரி விடுங்க, ஓ.டி.பி. போட்டுப் பாத்துரலாம். போனை எடுங்க" என்றார் வங்கியின் சார்பில் மெஷினோடு வந்திருந்த இளைஞர்.

"என்னான்ட ஏதுப்பா போனு?"

"உங்க கணக்குல ஒரு நம்பர் இருக்கே ஆயா!"

இருந்தது. அந்த இல்லத்தில் முன்பு மேனேஜராக இருந்து, நான்கு மாதங்களுக்கு முன்பு வேறு வேலைக்குப் போய்விட்ட தம்பியின் நம்பர் அது. ஆயாவுக்கு மட்டுமல்ல, போன் இல்லாத இன்னும் ஐந்து பேருக்கும் அவர் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். திருட்டு எண்ணமெல்லாம் இல்லை. "பாவம், இவங்களுக்கு யார் இருக்காங்க" என்று செய்த உதவி. ஆனால் அவர் போனபோது ஆறு பேரின் சாவியும் அவர் சட்டைப்பையிலேயே போய்விட்டது. தேடிப்பிடித்துக் கேட்டபோது, "அந்த சிம்முக்கு நான் ரீசார்ஜே பண்ணலீங்க அம்மா, கட்டாயிடுச்சு" என்றார். 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் நம்பரைத் துண்டித்துவிடலாம். சில காலம் கழித்து அதை வேறொருவருக்கும் கொடுக்கலாம். ஆயாவின் ஓ.டி.பி. நாளைக்கு யாரோ ஒருவரின் போனில் 'டிங்' என்று வந்து விழும்.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். மூன்று மாதமாக எடுக்க முடியவில்லை. 3,600 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். அதில் மாதம் 500 ரூபாயை, கல்லூரிக்குப் போகும் பேத்தியின் கையில் வைப்பது ஆயாவின் வழக்கம். மூன்று மாதமாகப் பேத்தி ஞாயிற்றுக்கிழமை வந்து, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லைதான். ஆயாவுக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் 'டெலிபோன் அம்மா'. இல்லத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கடப்பாக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கு முன்னால் வருகிற ஊர். புதுச்சேரிக்குக் காரில் பறப்பவர்கள் ஆலம்பறைக் கோட்டை போர்டைப் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். சங்க காலப் புலவர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இதுதான். இன்றைக்கு அது ஒரு பேரூராட்சியின் பெயர். ஒருபுறம் கடல், மறுபுறம் கழிவெளி. நடுவே தென்னையும் சவுக்கும். அந்தச் சவுக்குத்தோப்பை ஒட்டித்தான் அந்த இல்லம். சின்ன டிரஸ்ட், இருபத்திரண்டு பேர். பெரும்பாலானவர்களுக்குக் கட்டணம் இல்லை. டெலிபோன் அம்மாவைப் போல ஓய்வூதியம் வாங்குகிற நான்கைந்து பேர் மட்டும் பணம் கட்டி இருக்கிறார்கள்.

அவருக்கு வயது 77. செங்கல்பட்டு எக்ஸ்சேஞ்சில் இருபது வயதில் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கயிற்றைக் குழியில் செருகி, ஊரையும் ஊரையும் பேசவைத்த தலைமுறை. டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம். அர்ஜென்ட் காலுக்கு ஒரு கட்டணம், லைட்னிங் காலுக்குச் சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு. லைட்னிங் கால் வந்தால் பாதிக்கு மேல் சாவுச் செய்திதான் என்பார். ஊரில் யார் வீட்டில் யார் செத்தார்கள், எந்தக் கடை கடனில் இருக்கிறது, எந்த வீட்டுப் பெண் யாரோடு போய்விட்டாள், எல்லாம் வீட்டுக்காரர்களுக்கு முன்பே ஆபரேட்டருக்குத் தெரியும்.

"தெரியும். ஆனா தெரியாது" என்பார் சிரித்துக்கொண்டு. பயிற்சியின் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது அதைத்தான். 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் 26-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஊழியர் அடுத்தவர் செய்தியைத் தவறாக வெளியே சொன்னால் மூன்று ஆண்டு வரை சிறை. ஒருமுறை சொந்த அத்தை வந்து, "அந்த மளிகைக்கடைக்காரர் மெட்ராஸுக்கு என்ன பேசினார்?" என்று கேட்டதற்கு, காபியைக் கொடுத்து அனுப்பிவைத்தாராம். அத்தை அப்புறம் நாலு வருஷம் பேசவில்லை.

எண்பதுகளில் எஸ்.டி.டி. பரவ, குழியும் கயிறும் போயின. பின்பு இலாகா மாறி பி.எஸ்.என்.எல். ஆனது. இவர் ஓய்வு பெற்றார். கணவர் போன பிறகு, மகன் வீட்டு பதினான்காம் மாடி பிடிக்காமல் கடற்காற்று வேண்டும் என்று தானாகவே இங்கே வந்து சேர்ந்தார். (மகனுக்கு இதில் இன்னமும் வருத்தம்.)

ஆயாவின் பணம் நின்ற அன்று இரவு, டெலிபோன் அம்மா ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். இந்த இல்லத்தில் என்னென்ன கருவி இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது, அதில் யாரைப் பற்றி என்ன இருக்கிறது. எழுத எழுத அவருக்கே திகைப்பாகிவிட்டது.

எதையும் யாரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கவில்லை. அதுதான் விஷயம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காக உள்ளே வந்திருந்தது. பிள்ளைகளுக்குச் சேதி சொல்ல ஒரு வாட்ஸ்அப் குரூப். மருந்துக் கணக்கு எழுத ஒரு டேப்லெட். ஆதார் நகல்கள் எல்லாம் மேனேஜரின் சொந்த போனில் போட்டோவாக. எட்டு கேமராக்கள், ஒரு நன்கொடையாளரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பு. வாசலில் இரண்டு, தாழ்வாரத்தில் இரண்டு, மிச்சம் நான்கை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் பெண்கள் அறைகளிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார் மாட்டவந்தவர். பாஸ்வேர்டு, பெட்டியில் அச்சடித்து வந்ததே இன்றும். அது மேனேஜருக்குத் தெரியும், மாட்டியவருக்குத் தெரியும், நன்கொடையாளருக்கும் அவர் மாப்பிள்ளைக்கும் தெரியும். படுத்திருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

இதனால் என்ன நஷ்டம் வந்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு அவர் இரண்டு சம்பவங்களைச் சொல்வார்.

ஒன்று, புயல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையைக் கடந்த இரவு. கரன்ட் இல்லை, டவர் இல்லை, நர்ஸால் வர முடியவில்லை. டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. யாருக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்பது அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள்ளே. கடைசியில் காப்பாற்றியவர் சமையல்கார அம்மா. சாப்பாட்டோடு ஊசியும் மாத்திரையும் எடுத்துவைக்கிற பழக்கத்தில், இருபத்திரண்டு பேருக்கும் அவர் விரல்விட்டுச் சொன்னார். அவரும் அன்று லீவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

இன்னொன்றை டெலிபோன் அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். இல்லத்தில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் இருந்தார். மகள் சிங்கப்பூரில். ஊரில் எல்லோரிடமும், "பொண்ணோட சிங்கப்பூர்ல இருக்கேன்" என்றே சொல்லி வைத்திருந்தார். அதிலென்ன பொய்? அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்த கௌரவம்தான். ஒரு பிறந்தநாள் அன்னதானத்தன்று, கையில் தட்டோடு எல்லோரையும் பேனருக்குக் கீழே வரிசையாக உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள். குரூப்பில் போட்டார்கள். குரூப்பிலிருந்து யாரோ ஃபேஸ்புக்குக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒரு பழைய மாணவி போன் செய்து அழுதாள், "டீச்சர், நீங்களா அது?" டீச்சர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. போட்டோவை எடுத்துவிட்டார்கள். பார்த்த கண்களிலிருந்து எப்படி எடுப்பது?

தனியுரிமை என்பது வாலிபப் பிள்ளைகளின் கவலை, வயதானவர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. இந்த நாட்டில் அந்த உரிமையை வாங்கித் தந்த வழக்கின் பெயரே ஒரு முதியவரின் பெயர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றம் போனபோது அவருக்கு 86 வயது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னபோது 91. நம்மில் பலர் அந்த வயதில் ஜாதகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

பிறகு 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வரும். டெலிபோன் அம்மா அதைச் செய்தித்தாளில் படித்து, பேரனிடம் சொல்லி முழுதும் அச்செடுத்து வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார். ஒருவரின் விவரத்தை வாங்கும்போது எதற்காக என்று சொல்லவேண்டும். அந்த அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் எதில் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆக, தமிழில் கேட்கலாம். அவர் அடிக்கோடிட்டது இன்னொரு இடத்தை. தன்னால் முடியாமல் போனால், தன் சார்பில் இந்த உரிமைகளைக் கேட்க ஒருவரை நியமித்துவைக்கலாம் என்கிறது சட்டம். இறந்த பிறகு மட்டுமல்ல, உடல் தளர்ந்துபோனாலும். வங்கிக்கணக்குக்கு நாமினி போடுகிற நாம், நம் முகத்துக்கும் விரலுக்கும் நாமினி போட்டதுண்டா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் கருவிகளுக்கு எதிரி அல்ல. வாழ்நாள் முழுக்கக் கருவியோடு இருந்தவர் எப்படி எதிரியாவார்? தன் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்றை போனில் முகம் காட்டியே கொடுத்துவிடுகிறார். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தபோது விரல்ரேகை கேட்டது. 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆனது. 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வருகிற பெண், பி.பி.யும் சர்க்கரையும் பார்த்துப் பதிவு செய்வதை ஆவலோடு எதிர்பார்ப்பார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. 2024-ல் ஐ.நா. விருதுகூட வாங்கியது. அந்தப் பெண் வந்ததும், "போன மாசத்துக்கு இப்ப எப்பிடிம்மா இருக்கு?" என்று ஆயா கேட்பார், அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள். ஆயா கேட்காமலே அவளே சொல்வதும் உண்டு. இவருக்கு வேண்டியது அவ்வளவுதான். என்னைப் பற்றி எழுதுவதை என்னிடமும் சொல்.

புதிதாக வந்திருந்த மேனேஜர் ஒரு சின்னப்பெண். முதலில் பயந்தாள். "அம்மா, கமிட்டியில என்னைத் திட்டுவாங்க" என்றாள். "உன்னை யாரும் திட்டமாட்டாங்க கண்ணு, நான் பேசிக்கிறேன்" என்றார் அவர்.

முதலில் ஆயாவின் காரியம். ஷேர் ஆட்டோவில் வங்கிக் கிளைக்குப் போய், எழுதிக்கொடுத்து, கைநாட்டு வைத்து நம்பரை மாற்றினார்கள். எந்த நம்பருக்கு? இல்லத்தின் பொது நம்பரையே கொடுத்துவிடலாம் என்றாள் மேனேஜர் பெண். டெலிபோன் அம்மா ஒப்பவில்லை. பொது நம்பர் என்றால் நாளைக்கு இன்னொரு மேனேஜர். பட்டன் போன் ஒன்று வாங்கி, ஆயாவின் பெயரிலேயே சிம் போட்டார்கள். ஆயா அதை வெற்றிலையோடு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். பேசத் தெரியாது. 'டிங்' என்றால் எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் நீட்டத் தெரியும். "அந்த நம்பரை நான் படிச்சுச் சொல்லுவேன். ஆனா பணம் எடுக்கறப்ப நீதான் சொல்லணும், எடுக்கட்டுமா வேணாமான்னு" என்று ஒப்பந்தம். பேத்தியின் கையில் 1,500 ரூபாய் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு கமிட்டி. டிரஸ்ட் செயலாளர் நல்ல மனிதர், மாதம் ஒருமுறை காரில் வருபவர். டெலிபோன் அம்மா நோட்டைத் திறந்துவைத்து ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். "சார், எங்க ரூம் கேமராவை ராத்திரி ரெண்டு மணிக்கு யார் பாக்கறா?"

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் மேனேஜரைப் பார்த்தார். யாரும் பார்ப்பதில்லை என்பதே உண்மை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதும் உண்மை.

செயலாளர் தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் படித்திருந்தார். அங்கே மாநில அரசே 2021-ல் முதியோர் மையங்களில், விழுந்தால், அலறினால் தானே கண்டுபிடித்துச் சொல்கிற கேமராக்களைச் சோதித்துப் பார்த்தது. பெரிய படிப்புப் படித்த கேமரா. நடந்தது என்னவென்றால் பொய் எச்சரிக்கைகள் குவிந்து, ஊழியர்கள் சலித்துப்போனார்கள். "அங்கயே அப்படின்னா நம்ம ஊர் உப்புக்காத்துல இது எத்தனை நாளைக்கு?" என்றார் அவர். "கழட்டிடலாம்மா. உங்க இஷ்டம்தான்."

டெலிபோன் அம்மா ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தார். அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆயா வாயைத் திறந்தார்.

"யாரைக் கேட்டு கழட்டறீங்க? எனக்கு வோணும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"போன வருசம் பாத்ரூம் வாசப்படியில வுழுந்து கெடந்தேன். இவங்க மாத்திரை போட்டுத் தூங்கிட்டாங்க. கத்திக் கத்திப் பாத்தேன். வெடிஞ்சப்புறம்தான் வந்து தூக்குனாங்க. வெக்கமாம் வெக்கம். வுழுந்து கெடக்கறப்ப எவன் பாத்தா எனக்கின்னா? யாராச்சும் பாத்தா சரி."

டெலிபோன் அம்மா அன்று மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. எல்லோரையும் கேட்கவேண்டும் என்று நோட்டு போட்டவர், பக்கத்துக் கட்டிலைக் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். ஆயாதான் தட்டை நகர்த்தி, "துன்னுங்க, உங்க மேல எனக்கு இன்னா கோவம்?" என்றார்.

இரண்டு கட்டில், ஒரு அறை, இரண்டு ஆசை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் இதைத் தீர்த்துவைக்காது. ஒரு வாரம் பேசினார்கள். கேமராவின் முகத்தைத் திருப்பி வைக்கலாமா, துணி மாற்றும்போது துண்டைப் போட்டு மூடலாமா என்றெல்லாம் யோசித்தார்கள். துண்டைப் போட யார் ஸ்டூலில் ஏறுவது? கடைசியில் மேனேஜர் பெண்தான் கேட்டாள், "ஆயா, உனக்குக் கேமரா வேணுமா, ஆள் வரணுமா?"

ஆயா யோசித்தார். "ஆளுதான்" என்றார்.

மறுநாள் மதுராந்தகம் போய், ஒயர் இல்லாத காலிங் பெல்கள் வாங்கிவந்தாள். பட்டனைக் கயிற்றில் கோத்து ஆயாவின் கழுத்தில் மாட்டினார்கள். மணி, இரவு வேலைக்கு இருக்கும் பெண் படுக்கிற இடத்தில். பாத்ரூம் வாசலில் தரையோடு தரையாக இன்னொரு பட்டன், விழுந்தாலும் கை எட்டுகிற மாதிரி. அறைக் கேமராக்கள் இறங்கின. வாசலும் தாழ்வாரமும் இருக்கின்றன, புது பாஸ்வேர்டோடு. அது யார் யாருக்குத் தெரியும் என்று ஆபீஸ் சுவரில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு. மருந்துப் பட்டியலின் ஒரு நகல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அன்னதானத்துக்கு வருபவர்களிடம், சாப்பிடுபவர்களை போட்டோ எடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதனால் இரண்டு பேர் வராமல் போனதும் நடந்தது. டீச்சர் அந்தக் காகிதத்தைத் தானே அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தார்.

பெல் மாட்டிய முதல் இரவு. மணி இரண்டு இருக்கும். 'டிங் டாங்' என்று சத்தம் கேட்டு இரவுப் பணிப்பெண் தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிவந்தாள். டெலிபோன் அம்மாவும் பதறி எழுந்து லைட்டைப் போட்டார்.

ஆயா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆயா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வர்றியா இல்லியான்னு பாத்தேன். நீ போய்ப் படு."